முழங்கை வரை

இருபது வரை எண்ணுங்கள் என்று
பேசினுக்கு மேலே ஒட்டியிருக்கிறது.
நான் எண்ணுவதில்லை.
நிலாவெளியில் பஸ் ஏறுவேன்.
இரணைக்கேணி, விரலிடுக்கு.
சாம்பல்தீவு, பெருவிரலின் அடி.
அலஸ்தோட்டம், நகக்கண்.
உப்புவெளி, மணிக்கட்டைச் சுற்றி.
முழங்கை நனையும்போது
திருகோணமலை பஸ் ஸ்டாண்டில்
எல்லாரும் இறங்கியிருப்பார்கள்.
அந்த முழங்கையாலேயே பைப்பை மூடுவேன்.

மோதிரம் லொக்கருக்குள், ஊக்கில் கோர்த்தபடி.
நகம் ஞாயிறும் புதனும்.
தங்கச்சியின் கலியாணப் படத்தில்
வெறும் நகத்தோடு நிற்கிறது
நான் ஒருத்திதான்.

ஆளுக்கொரு விரிப்பு, இரண்டு துவாய்,
முகம் வைக்கும் வளையத்துக்கு ஓர் உறை.
ஒரு முடி கிடந்தாலும்
முன்பு படுத்தவர் இன்னும் எழும்பவில்லை என்றே அர்த்தம்.
எண்ணெய்ப் போத்தலின் வாய்
உள்ளங்கையில் முட்டக் கூடாது.
சந்திமா ஒருநாள் முட்டவிட்டாள்;
கொட்டச் சொன்னார் ரிஸ்மியா மேடம்.
கொட்டவில்லை.
கதவுப் பிணைச்சலுக்கு விட்டுக்கொண்டிருக்கிறோம்,
எட்டு மாதமாக.
திருகோணமலையிலேயே சத்தம் போடாத கதவு
எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆவணியில் கிணறு உவர்த்துவிடும்.
உப்புத் தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காது.
பவுசர் வரும்வரை விரிப்புகள் கூடைக்குள் கிடந்து
நேற்றைய முதுகுகளை மணக்கும்.
தோய்த்துக் கொடியில் போட்டால்
காற்று மணலைக் கொண்டுவந்து தருகிறது.
உதறி, மடித்து,
திரும்ப விரித்து, உதறி.

எங்க வேலை என்று கேட்பா
பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவ.
ஹோட்டலில்.
ஹோட்டலில் என்ன?
துணி தோய்க்கிறது.
பொய்யில்லை, பாதி நாள் அதுதான்.
மற்றப் பாதியை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
சீட்டில் இருந்த பையைத் தூக்கி
மடியில் வைத்துக்கொண்டா.

பாமதி ரீச்சர் முதல் தடவை வந்தபோது
படிவத்தில் ‘தோல் வருத்தம்’ என்ற இடத்தை
வெறுமையாக விட்டிருந்தா.
துவாயை விலக்கினால்
முதுகெல்லாம் வெள்ளைச் செதில்.
தொட்டால் ஒட்டாது, டொக்டர் சொன்னவர் என்று
வளையத்துக்குள்ளிருந்து நிலத்தோடு கதைத்தா.
தெரியும் ரீச்சர் என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து:
நான் போன பிறகு
கூடுதலாகக் கழுவுவீங்களோ?
எல்லாருக்கும் கழுவுகிற அளவுதான்.
அதற்குப் பிறகுதான்
அவவின் தோள் இறங்கியது.

இன்று விடிய
சூடை மீன் கழுவும்போது
செட்டை முள் ஏறிவிட்டது பெருவிரலில்.
எறும்பு கடித்த அளவு.
எண்ணெய் பட்டால் ஒருவருக்கும் தெரியாது.
சீசன் நாள், எனக்கு ஐந்து கட்டில்,
கட்டிலுக்கு எண்ணூறு ரூபாய்.
கையுறை போடலாம்தான்;
உறைக்குள் இருக்கிற விரலுக்கு
எந்த முடிச்சு எங்கே என்று தெரியாது.
நிலாவெளியிலிருந்து ஒருமுறை போய்வந்தேன்.
சாம்பல்தீவில் எரிந்தது.

பத்தரைக்கு ரீச்சர்.
இந்த முறை படிவத்தில்
எழுத்து எழுத்தாக எழுதியிருந்தா,
கரும்பலகையில் எழுதுகிற மாதிரி.
நான் பெருவிரலை நீட்டினேன்.
இன்றைக்கு எனக்குத்தான் ரீச்சர், தோல் வருத்தம்.
கண்ணாடியை ஏற்றிப் பார்த்தா.
சூடையோ?
ஓம்.
சிரித்துவிட்டு
நிரோஜினியின் கட்டிலுக்குப் போனா.
கதவு சத்தமில்லாமல் மூடியது.

மத்தியானம் வரை
ஒட்டுப் போட்ட விரலோடு துவாய் மடித்தேன்.
ரிஸ்மியா மேடம் ஒன்றும் சொல்லவில்லை.
சம்பளப் புத்தகத்திலும்
ஒன்றும் எழுதவில்லை.

பின்னேரம் பஸ்ஸில் நின்றபடி.
எத்தனை கை பிடித்த கம்பியோ,
மீன், மண்ணெண்ணெய், விபூதி, குழந்தையின் பிஸ்கட்,
பிசுபிசுப்பு.
நானும் பிடித்துக்கொண்டேன்.
உப்புவெளி, அலஸ்தோட்டம்.
சாம்பல்தீவு வரும்போது
கையில் ஊர் முழுக்க இருந்தது.